திரைக்கு அந்தப் பக்கம் ஒரு லெப்டொப்

1. உடைக்காத பெட்டிகள்

லெப்டொப்பைத் தாங்களே கழற்றிப் பார்க்கும் வாடிக்கையாளர்கள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை. யூடியூப்பில் ஒரு வீடியோவைப் பார்ப்பார்கள். அடிமூடியைக் கழற்றுவார்கள். பிறகு மெஷினை ஒரு பையிலும் ஸ்க்ரூக்களை இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டு கல்முனையில் என் கடைக்கு வந்து நிற்பார்கள். "காக்கா, எல்லாம் பூட்டின பிறகும் கொஞ்ச ஸ்க்ரூ மிச்சம் வந்திட்டு. அது தேவயில்லத்தானே?" என்று கேட்டவரும் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

அதனால் நௌபர் சேர் கடைக்கு வந்து, ஒரு ரெம் மெமரித் துண்டும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கிவிட்டு, "நானே மாத்திப் போட்டுக்குவன்" என்றபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவர் கணித ஆசிரியர். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது இந்த லெப்டொப்பின் முன்னால் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துப் பதிவு செய்தார். மெஷினில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க், கொஞ்சம் மெமரி. ஆமை வேகம்.

"சேர், வெச்சிட்டுப் போங்க. தேத்தண்ணி குடிச்சி முடிக்கிறதுக்குள்ள தாறன்" என்றேன்.

"வேணாம் காக்கா. புள்ளயளுக்கு எல்லாத்தையும் செஞ்சி பாருங்க எண்டு சொல்ற ஆள் நான். இத உங்கட கையில தந்தா வெக்கமில்லையா?"

சிரித்துக்கொண்டே போனார். அந்த மாதமே மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். ஜனாஸாத் தொழுகையில் பின்வரிசையில் நின்றேன். அந்த இரண்டு சாமான்களின் ஞாபகம் எனக்கு அப்போது வரவில்லை.

சில வாரங்கள் கழித்து அவருடைய உம்மா போன் எடுத்தார். மருமகள் பரீனா, சேரின் மனைவி, தையல் வேலை செய்பவள். இப்போது இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காலம் அது. அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. லெப்டொப்பைப் போட்டால் உள்ளே 'டிக் டிக்' என்று ஏதோ சத்தம் கேட்கிறதாம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டிஸ்க் சாகப் போகிறது.

"இனிப் போடவேணாம் எண்டு சொல்லுங்க உம்மா. நான் வந்து எடுத்திட்டுப் போறன்."

"எடுத்திட்டுப் போக அவள் விடமாட்டாள் மகன். தானே மாத்தணுமாம். நீங்க வந்து சொல்லிக் குடுங்க."

2. நடுவில் மாமி

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் அவர்கள் வீடு. என்னிடம் அதே மொடலில் செத்துப்போன ஒரு மெஷின் கிடந்தது. பார்த்துச் சொல்ல அதையும், விண்டோஸ் போட்ட பென் டிரைவையும், கழற்றிய டிஸ்க்கை யூ.எஸ்.பி.யில் கொழுவுகிற கேஸ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மதிய லுஹர் தொழுகைக்குப் பின் போனேன். போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் டிஸ்க்கின் சத்தத்தை என் காதால் கேட்காமல் எதையும் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

நான் முன் ஹோலில் உட்கார்ந்தேன். அறை வாசலில் திரை தொங்கியது. பரீனா உள்ளே இருந்தாள். வாசற்படியில், திரைக்குப் பக்கத்தில், அவளுடைய மாமி, சேரின் உம்மா, ஒரு சின்னக் கதிரையைப் போட்டு அமர்ந்தார்.

"உம்மா, நான் இஞ்ச இருந்தே மாத்திக் குடுக்கிறன். மெஷின் வீட்ட விட்டு வெளிய போகாது" என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிட வேலைக்கு இந்தப் பாடு எதற்கு என்று மனதுக்குள் ஒரு முணுமுணுப்பு.

திரைக்குள்ளிருந்து மெல்லிய குரல் மாமியிடம் சொன்னது. "மாமி, அவர் தானே செய்யிறெண்டுதான் வாங்கி வந்தார். பெட்டியக்கூட உடைக்கல்ல. அவர்ட கையால நடக்கல்ல. என்ட கையாலயாவது நடக்கட்டும் எண்டு சொல்லுங்க."

எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் மாமி என் பக்கம் திரும்பி அதை முழுதாகத் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

"முதல்ல பற்றரியக் கழட்டச் சொல்லுங்க."

"மகள், பற்றரியக் கழட்டட்டாம்."

"கழட்டிட்டன் மாமி."

"கழட்டிட்டாளாம் மகன்."

இப்படியே அடிமூடி வரை வந்தோம். தையல் மெஷின் பெட்டியிலிருந்த சின்ன ஸ்க்ரூட்ரைவர் சரியாகப் பொருந்தியது. ஆனால் மூடி அசையவில்லை. பின்பக்க ரப்பர் காலுக்குக் கீழே ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்ல, மாமி "காலுக்குக் கீழ பாருங்க மகள்" என்று சொல்ல, பாவம் அவள் எழும்பித் தன் காலடியில் பாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். விசயம் தெரிந்ததும் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டுக் கன நாளாகியிருக்க வேண்டும்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்கிது" என்றார் மாமி. "நான் ஒண்டச் சொல்லி அவள் ஒண்டச் செய்யிறாள். தேவையான கதையக் கதைக்கிறதுல குத்தமில்ல. நேராக் கதைங்க. நான் இதுலயே இரிக்கன்."

பிறகு வேலை சுகமாக நடந்தது. ஸ்க்ரூக்களை எங்கே வைத்தாள் என்று விசாரித்தேன். நீளமானதைக் கட்டையான துளையில் முறுக்கினால் போர்டையே குத்திவிடும். "துணியில சோக்கால மெஷின்ட வடிவத்தக் கீறி, எடுத்த எடுத்த இடத்துலயே வெச்சிரிக்கன் காக்கா" என்றாள். இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. இப்போது என் கடையில் ஒரு துண்டுத் துணியும் தையற்காரச் சோக்கும் இருக்கின்றன.

உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்க, ஜன்னல் கிரில்லைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடரச் சொன்னேன். பழைய ரெம்மின் இரு பக்கக் கிளிப்புகளையும் வெளியே தள்ளினால் துண்டு தானாக நிமிரும். கடற்காற்றில் அதன் பித்தளை நிறப் பற்கள் கறுத்திருக்கின்றன என்றாள். அதைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, புதியதைச் சரிவாகச் சொருகி மெதுவாக அமத்தச் சொன்னேன்.

"பயமா இரிக்கி. ஒடஞ்சிருமா?"

"ஒடயாது. பிஸ்மி சொல்லி அமத்துங்க."

'டக்' என்று ஒரு சத்தம். கிளிப் பூட்டிக்கொண்ட சத்தம். நானும் என் மடியிலிருந்த செத்த மெஷினின் ரெம்மை விரலால் அமத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

3. டிக் டிக்

பழைய டிஸ்க்கைக் கழற்றிய இடத்தில் எஸ்.எஸ்.டி.யும் ஏறிவிட்டது. பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட்டாள். மெஷின் கண் மூடித் திறக்கும் முன் எழும்புகிறது என்று உள்ளிருந்து சொன்னாள். குரலில் கொஞ்சம் சந்தோசம்.

இனித்தான் உண்மையான வேலை. பழைய டிஸ்க்கைக் கேஸில் போட்டுக் கொழுவச் சொன்னேன். சேரின் பாடங்கள், கலியாணப் படங்கள், எல்லாம் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. போன்கூட ஆஸ்பத்திரி அவசரத்தில் எங்கோ தொலைந்துபோனது என்றார் மாமி.

அவசரத்தில் பரீனா எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து கொப்பி பண்ணியிருக்கிறாள். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு திரைக்கு இந்தப் பக்கமே எனக்குக் கேட்டது, டிக், டிக், டிக்.

"காக்கா, டிரைவக் காணல்ல. ஸ்கிரீன்ல இல்ல."

"வயரக் கழட்டுங்க. டிஸ்க்க அசைக்காம அப்படியே வைங்க."

"பெய்த்தா மகன்?" என்று மாமி கேட்டார். போய்விட்டதா என்று டிஸ்க்கைத்தான் கேட்டார்.

சூடு ஆறட்டும் என்று சொல்லிவிட்டு மாலை அஸர் தொழப் போனேன். பள்ளிவாசலில் அந்த டிஸ்க்குக்காகத் துஆ கேட்டேன். சொல்ல வெட்கமாக இல்லை.

திரும்பி வந்து சொன்னேன். "இந்தத் தரம் எல்லாத்தையும் எடுக்க ஏலாது. எது இல்லாட்டி உங்களுக்கு இரிக்க ஏலாதோ, அத மட்டும் முதல்ல எடுங்க. மத்தது அல்லாஹ்ட நாட்டம்."

கலியாணப் படங்களைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். உள்ளே வயரை மறுபடி கொழுவும் சத்தம் கேட்டது. பிறகு மவுஸ் கிளிக்.

"எடுத்தாச்சி" என்றாள். "ஒண்டு வந்திட்டு."

"போட்டுப் பாருங்க. சரியா வேலை செய்யிதா எண்டு பாக்கணும்."

திரைக்குள்ளிருந்து நௌபர் சேரின் குரல் வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் புள்ளயள்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சலாம் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. திரைக்கு அந்தப் பக்கமும் அதே நேரத்தில் பதில் கேட்டது.

"சத்தம் கேக்கிதா எல்லாருக்கும்?" என்று சேர் கேட்டார். பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மாமி திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கேக்கிது மனே. நல்லாக் கேக்கிது."

"சரி, அப்ப தொடங்குவம்" என்றார் சேர்.

ஒவ்வொன்றாக எடுத்ததில் மற்றப் பாடங்களில் பெரும்பகுதி வந்தது. கலியாணப் படங்களில் பாதியோடு டிஸ்க் நின்றுவிட்டது. பரீனா அதற்காக அழவில்லை என்று பிறகு மாமி சொன்னார்.

இப்போதும் "நானே மாத்திப் போடட்டா?" என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முகம் சுளிப்பதில்லை. ஸ்க்ரூட்ரைவரையும் சோக்கையும் கொடுத்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறேன். ஆனால் முதல் ஸ்க்ரூவைத் தொடும் முன்னால் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

"இதுக்குள்ள இரிக்கிறதுல, எது இல்லாட்டி உங்களுக்கு இரிக்க ஏலாது? அத முதல்ல எடுங்க."