புடவைப் பெட்டியில் கட்டிய ரயில் நிலையம்

காலையில் மைதா பசை கொதிக்கிற வாசனை... என் பள்ளிக்கூட நாட்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

மந்தைவெளியில் இரண்டாவது மாடி வீடு. ஒரு அடுப்பில் இட்லி, பக்கத்து அடுப்பில் பசை. நானும் அண்ணன் செந்திலும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தால் வகுப்பு ஆரம்பம். டீச்சர், எங்கள் அம்மா.

செந்திலுக்குத் திக்கும். ஸ்கூலில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான், மொத்த வகுப்பும் சிரிக்கும். ஒரு கட்டத்தில் வெளியாட்கள் முன்னால் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். அம்மா அவனை ஸ்கூலை விட்டு நிறுத்தி, வீட்டிலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார். "அவன் போகலன்னா நானும் போகமாட்டேன்" என்று நான் ஒரே அடம்.

"புள்ளைங்கள வீட்ல வச்சுக்கிட்டு அட்டை வெட்டிட்டு இருக்கா" என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அப்பாவுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. நசுங்கிப்போன புடவைப் பெட்டிகளைக் கொண்டுவருவார். அவற்றை வெட்டி ஒட்டி, எங்கள் ஏரியாவில் பாலத்து மேலேயே ஓடும் பறக்கும் ரயிலின் ஸ்டேஷன்களாகக் கட்டினோம். ஸ்கேல் வைத்து அளந்தால் அது கணக்கு. அடையாறுக்கு நீலப் பெயின்ட் அடித்தால் ஜியாகிரபி... ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கும் அவனுக்கும் அடிதடியே நடந்திருக்கிறது.

ஒரு நாள் செந்தில் பெட்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." என்று அறிவிக்க ஆரம்பித்தான்.

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கடைசிவரை கேட்டார்.

மறுநாளிலிருந்து எங்கள் பாடமெல்லாம் அறிவிப்புதான். ஏழாம் வாய்ப்பாடு முதலாம் நடைமேடைக்கு வரும். சோழர்கள் சற்றுத் தாமதமாக வருவார்கள். அம்மா இதற்கெல்லாம் எந்த டிரெயினிங்கும் எடுத்தவர் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலை, நிஜமான மந்தைவெளி ஸ்டேஷன். கோட்டூர்புரம் லைப்ரரிக்குக் கிளம்பியிருந்தோம். அம்மா செந்திலைக் கவுன்டர் முன்னால் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"நீயே வாங்குய்யா."

"கோ... கோ..."

அதற்கு மேல் வரவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் பொறுமை இழந்து, "இன்னாம்மா, நீ கேட்டு வாங்கேன்... வண்டி வந்துக்கினு கீது" என்றார்.

"அவன் கேப்பான்ணே. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

சிலர் பக்கத்துக் கவுன்டருக்கு மாறினார்கள். தலைக்கு மேலே எங்கள் ரயில் வந்தது, போனது. அம்மா நகரவில்லை. என் தோளைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகி வலித்தது.

செந்தில் மூச்சை இழுத்தான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கோட்டூர்புரத்துக்கு மூணு டிக்கெட்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கவுன்டரில் இருந்தவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, "மூணும் முழு டிக்கெட்டாப்பா?" என்றார்.

இதற்கு வீட்டில் பழகிய அறிவிப்பு எதுவும் இல்லை.

"ஒ... ஒண்ணு முழுசு. ரெ... ரெண்டு அரை."

திக்கித்தான் சொன்னான். ஆனால் தன் சொந்தக் குரலில், ஒரு வெளி ஆளிடம் சொன்னான். அம்மா பாராட்டவெல்லாம் இல்லை. "வா, அடுத்த வண்டியப் புடிப்போம்" என்றார். அம்மாவின் குரல் நடுங்கியதை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அவரைப்போல ஒரு தைரியசாலியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

செந்திலுக்கு இப்போதும் திக்கும். திக்கிக்கொண்டே நாள் முழுக்க ஊர்க்கதை பேசுவான், நிறுத்தத்தான் ஆள் இல்லை.

நான் அதே ரயிலில்தான் தரமணிக்கு ஆபீஸ் போகிறேன். டிக்கெட் போனிலேயே வந்துவிடுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு பிள்ளை வாயே திறக்காமல் சென்னை முழுக்கச் சுற்றிவிட்டு வரலாம்... யாரும் சிரிக்கப்போவதில்லை. அவன் பேசி முடிக்கட்டும் என்று, வந்த ரயிலை விட்டுவிட்டு நிற்க ஒரு ஆளும் தேவையில்லை.