என் பெயருக்குப் பின்னால் நிற்பவர்

கப்பல் டிக்கெட் வந்துவிட்டது, பாஸ்போட் வரவில்லை. அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் இதுதான் கதை.

டிக்கெட்டை அனுப்பியது பிராங்பேர்ட்டில் இருக்கும் மகள். இவருக்கு, என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், எழுபது வயது ஆனதற்கு அவள் தந்த பரிசு. கீல் துறைமுகத்தில் ஏறி நோர்வேக்குப் போய், மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் இடங்களைப் பார்த்துவிட்டு வருவது. இவர் அந்தக் கப்பலின் படத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

"இஞ்சாரும், இதிலை எங்கடை ஜன்னல் எது எண்டு சொல்லும் பாப்பம்."

எல்லா ஜன்னலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் ஒன்றைத் தொட்டுக் காட்டுவேன். அடுத்த நாள் கேட்டால் வேறொன்றைக் காட்டுவேன். அவருக்கு அதுவும் சந்தோஷம்தான்.

இவர் ஜெர்மன் பாஸ்போட் எடுத்துப் பல வருடங்களாகிவிட்டன. நான்தான் மொழிச் சோதனைக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அகதிகளுக்குத் தருகிற நீலப் புத்தகத்தோடேயே காலம் போனது. அந்தப் புத்தகத்தோடு லண்டனுக்கோ கனடாவுக்கோ போவதென்றால் விசா கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டு மறுத்துவிட்டார்கள். பிறகு நான் கேட்கப் போகவில்லை. கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் இவர் தனியாகத்தான் போய் வந்தார். அந்தப் படங்களில் இவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் கிடக்கும். "கிட்ட வாங்கோ கிட்ட வாங்கோ எண்டு கமராக்காரன் கத்தினவன். நான் அசையேல்லை" என்று வந்து சொல்வார். ஏன் அசையவில்லை என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போன பெரிய பயணம் என்றால் ஜெர்மனிக்குள்ளேயே இருக்கிற ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்தான்.

ஒருவழியாகச் சோதனை பாஸ் பண்ணி எனக்கும் குடியுரிமைப் பத்திரம் தந்தார்கள். தந்த கையோடு நீலப் புத்தகத்தையும் பழைய அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். புதிய பாஸ்போட்டுக்கும் அடையாள அட்டைக்கும் எழுதிக் கொடுத்தோம். அச்சாகி வந்ததும் கடிதம் போடுவோம் என்றார்கள். கடிதம் வரவில்லை. தபால்காரியின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடினேன். பீட்சாக் கடை விளம்பரம் வந்தது, காது மெஷின் விளம்பரம் வந்தது. என் கையில் இருந்தது படமே இல்லாத அந்தப் பத்திரம் மட்டும். அதை வைத்துக் கப்பலில் ஏற்றமாட்டார்கள்.

"அவ வராட்டி நானும் போகேல்லை" என்று இவர் மகளிடம் சொல்லிவிட்டார். இவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இந்தக் கோடைக்குப் பயமில்லாமல் நடக்கலாம், குளிர்காலத்தில் வெட்டி ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெட்டிய பிறகு எப்படி நடப்பார் என்பதை அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, அவசரத்துக்குத் தற்காலிகப் பாஸ்போட் எண்டு ஒண்டு இருக்கு. போன உடனை கையிலை தருவினம். கந்தோரிலை நாளும் நேரமும் கேட்டு டெர்மின் எடுத்திட்டன், அப்பாவோடை போங்கோ. ஆனா அங்கை அப்பாவைக் கதைக்க விட்டிட்டுப் பின்னாலை நிக்காதேங்கோ."

"நான் எங்கையடி பின்னாலை நிக்கிறன்?"

"எங்கடை வீட்டுப் படங்களை எடுத்துப் பாருங்கோ. எல்லாத்திலையும் உங்கடை பாதி முகம்தான் கிடக்கு. மிச்சப் பாதி அப்பாவின்ரை தோள்."

அவளுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. நான் இவரின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அப்படியே பழகிவிட்டது. "இஞ்சேருங்கோ" என்றால் இவர் திரும்புவார். மற்றவர்களிடம் "இவர்" என்பேன், "பிள்ளையின்ரை அப்பா" என்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் வில்லங்கம். இங்கே ஒரு ஆளுக்குப் பெயர் இரண்டு துண்டாக இருக்க வேண்டும். என் இரண்டாவது துண்டாக இவரின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் எல்லோரும் என்னை என் புருஷனின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

முதன்முதலில் பல் டொக்டரிடம் போனபோது, திருமதி என்பதற்கு "ஃப்ராவ்" என்று தொடங்கி இவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "உங்களைத்தான் கூப்பிடுகினம், போங்கோ" என்று இவரைத் தள்ளி அனுப்பினேன். அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே மொழி தெரியாது. பாவம், போய்க் கதிரையில் படுத்து, நல்ல பல்லையெல்லாம் காட்டிவிட்டு வந்தார். எனக்குக் கன்னம் வீங்கியபடியே இருந்தது.

பிறகு தப்பிக்கப் பழகிக்கொண்டேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தபோது என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டார்கள். மற்ற இடங்களில் அட்டையை நீட்டினால் போதும், அவர்களே பார்த்து வாசித்துக்கொள்வார்கள். எழுதுவதற்கு எனக்குத் தடை இல்லை. கையெழுத்து வைக்கும்போது இவரின் பெயரை வடிவாகவே எழுதுவேன். வாய்தான் வராது.

இப்போது நீட்டுவதற்கு அட்டை இல்லை.

நகரசபைக் கந்தோரில் எங்கள் இலக்கம் திரையில் விழுந்ததும் உள்ளே போனோம். மேசையில் இருந்தவள் என் மகளைவிட இளையவள். பத்திரத்தைப் பார்த்தாள், புதிதாக எடுத்த படத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல இவர் கதையைத் தொடங்கினார். கப்பல், கீல், நோர்வே, வராத பாஸ்போட் எல்லாவற்றையும் நல்ல ஜெர்மனில் சொன்னார். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் இவரே பதில் சொன்னார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் யார் என்று இவரைக் கேட்டாள். புருஷன் என்றார். இவரின் பாஸ்போட்டை வாங்கிப் பார்த்தாள். அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. இவரின் கடைசிப் பெயர் இவருடைய அப்பாவின் பெயர். என் கடைசிப் பெயர் இவரின் பெயர். புருஷன் பெண்சாதி என்கிறார்கள், குடும்பப் பெயர் ஒன்றாக இல்லையே என்று யோசித்திருப்பாள்.

"இனி நான் உங்கள் மனைவியைக் கேட்கிறேன்" என்றாள்.

"அவவுக்குக் கொஞ்சம் வெட்கம்" என்றார் இவர் ஜெர்மனில்.

அவள் சிரிக்கவில்லை. தயவுசெய்து வெளியே இருங்கள் என்று கதவைக் காட்டினாள். இவர் எழும்பினார். முழங்கால் மடங்கி நிமிரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"பயப்பிடாதையும். கதவடியிலைதான் நிக்கிறன்."

அவள் என் முதல் பெயரைக் கேட்டாள், சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். கடைசிப் பெயர் கேட்டாள். நான் பத்திரத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்து உள்ளங்கையால் மூடினாள். மேசையில் கிடந்த பேனையை எடுத்து, எழுதட்டுமா என்று கையால் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். படம் இல்லாத பத்திரம், வேறு யாராவது கொண்டுவந்தாலும் எனக்குத் தெரியாது, நீங்களே சொல்ல வேண்டும் என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை.

"மைன் மான்" என்றேன். என் புருஷன் என்று அர்த்தம்.

"ஓம், அவர் வெளியே நிற்கிறார். உங்கள் பெயர் என்ன?"

"மைன் மான்."

அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு முன்னுக்குச் சரிந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா, அவர் உங்களைப் பேச விடுவதில்லையா என்று கேட்டாள்.

எனக்கு முகம் சுட்டது. தெரியாத ஒரு பெட்டைக்கு முன்னால், ஒரு பாவமும் அறியாத மனிசனை என்ன ஆளாக ஆக்கிவிட்டேன்! கல்யாணவீட்டுப் படத்தில் எனக்கு இடம் விட்டு நிற்கிற மனிசனை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. "லவுட்டர், பிட்டே." சத்தமாக, தயவுசெய்து.

சத்தம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பழகாத சொல்லல்லவா. அடுத்த தெருவில் போகிற ஆளைக் கூப்பிடுவதுபோல வந்துவிட்டது, இவரின் பெயர், முழுதாக.

"ஓம், வாறன்!" என்று வெளியே சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கூப்பிட்டது யார் என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை பத்திரத்தில் இருந்து கையை எடுத்தாள். என் கடைசிப் பெயரையும் இவரின் பாஸ்போட்டில் இருக்கும் முதல் பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நல்ல சிரிப்பு. இவருக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மெல்லிய பச்சைப் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. அதில் என் முகம் முழுதாக இருந்தது.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு, இவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்பிடி இருந்துது?"

"என்னது?"

"என்ரை பேர்."

"நீளமாய்க் கிடக்கு" என்றேன்.

இவர் சிரித்தார். எனக்கு முன்னால் இருந்த சீட்டின் பூப்போட்ட துணியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கீல் துறைமுகத்தில் எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. மேசையில் நின்ற பொடியன் பச்சைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பெயரைச் சொல்லுங்கள் என்றான். அவனே வாசித்திருக்கலாம். நான் சொன்னேன், இரண்டு துண்டையும். இரண்டாவது துண்டு வந்தபோது என் பக்கத்தில் இவர் மெல்ல "ஓம்" என்றார்.

கப்பலுக்கு ஏறும் பாலத்தடியில் வருகிறவர்களையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். இவர் போய் நின்றார். பழக்கம்தானே, பக்கத்தில் அதே அளவு இடம் விட்டு நின்றார். கமராக்காரன் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினான். இவர் அசையவில்லை. நான் போய் அந்த இடத்தில் நின்றேன். காற்றுக்குச் சேலை பறந்தது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன், மற்றக் கை இவரின் கைக்குள் இருந்தது.

படத்தை மகளுக்கு அனுப்பினோம். கப்பல் வெளிக்கிட முதலே போன் வந்துவிட்டது.

"அம்மா, இது என்ன? இதிலை உங்கடை முகத்துக்கு முன்னாலை அப்பாவின்ரை தோளைக் காணேல்லை!"