ஹெலன் வண்டியில் குட்டியானை எஞ்சின்

ஆம்பூரில் ஹெலன் ஓட்டுகிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருப்பது குட்டியானை எஞ்சின் என்று ஊரே சொல்கிறது. குட்டியானை தெரியும்தானே? தக்காளிக் கூடையும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு சந்து சந்தாகப் புகுந்து வருமே, அந்தச் சின்ன லாரி. அதன் எஞ்சினைக் கழற்றி ஜெர்மன்காரன் வண்டிக்குள் வைத்துத் தைத்துவிட்டார்களாம். தைத்துவிட்டார்கள் என்றுதான் சொன்னார்கள். ஷூ செய்கிற ஊரில் எதையும் பொருத்துவதில்லை, தைப்பதுதான்.

இதை நான் மூன்று இடங்களில் கேட்டேன். பைபாஸ் ஓரத்தில் மக்பூல் அகமதுவின் டீக்கடையில், பிரியாணிக்கு நின்ற வரிசையில், மூன்றாவதாக ஒரு துக்க வீட்டில். துக்க வீட்டு வதந்திக்கு மரியாதை அதிகம். ஒப்பாரிக்கு நடுவே ஒருவர் மெனக்கெட்டுச் சொல்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று நானும் நம்பினேன்.

வதந்திக்கு வண்டியும் உடந்தை. முன்மூடியைத் திறந்தால் டிக்கி. பின்மூடியைத் திறந்தாலும் டிக்கி. எஞ்சின் என்பது இரண்டு சீட்டுக்குப் பின்னால், வண்டியின் வயிற்றுக்குள், கண்ணில் படாமல் கிடக்கிறது. பார்த்தே ஆகவேண்டும் என்றால் தரையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர வேண்டும். உண்மைக்காகச் சட்டையை அழுக்காக்கிக்கொள்கிறவர்கள் எங்கள் பக்கம் கம்மி. எந்தக் கம்பெனி வண்டி என்று நான் எழுதப்போவதில்லை. விளம்பரம் வேண்டுமானால் பணம் கட்டிப் போட்டுக்கொள்ளட்டும்.

ஹெலனுக்கு நாற்பத்தெட்டு வயது. வாணியம்பாடி சாலையில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்டர். மேசைமேல் வந்து விழுகிற ஒவ்வொரு தோலையும் கட்டைவிரலால் தடவி, இது ஒன்றாம் நம்பர், இது இரண்டு, இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. உண்ணி கடித்த புள்ளி, வேலிக் கம்பி கிழித்த கோடு, சூட்டுத் தழும்பு எல்லாவற்றையும் வெள்ளிப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்ட வேண்டும். வெட்டுகிறவர் அந்த இடத்தை விட்டு வெட்டுவார். அப்பா இருதயராஜ் அதே தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நின்றவர். மகள் மேசைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் நம்பர் போடுகிற வியாதி வந்துவிடும். கணவர் வசந்துக்கு என்ன நம்பர் என்று கேட்டேன்.

"ரெண்டு. ஆனா நல்லா ஒழைக்கும்."

வசந்த் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க். பக்கத்தைத் திருப்பினார்.

வண்டி முதலாளியின் மருமகனுடையது. வாரம் இரண்டு முறை பெங்களூர் போய்வந்து ஒரு லட்சத்து அறுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கிளட்ச் போனதும் தோல் கிடங்கில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஒன்பது மாதம் உப்பு நாற்றத்தில் கிடந்தது. விற்கிறீர்களா என்று ஹெலன் கேட்டபோது அவர் சிரித்தாராம்.

"இதெல்லாம் ஒங்க ஆளுங்க வெச்சிக்கிற வண்டி இல்லம்மா. வாங்கிடலாம், மெயின்டெய்ன் பண்ண முடியாது."

'ஒங்க ஆளுங்க' என்பதற்கு இந்தப் பகுதியில் ஏழெட்டு அர்த்தம் உண்டு. ஒன்றும் நல்ல அர்த்தம் இல்லை. ஹெலன் தொழிற்சாலைக் கோட்டுப் பையிலிருந்து வெள்ளிப் பென்சிலை எடுத்து, வண்டியைச் சுற்றிவந்து நாற்பத்தொரு வட்டம் போட்டார். கீறல், நசுங்கல், கிழிசல், துரு. பிறகு சொன்னார்: "ரிஜெக்ட் ஐட்டம் சார். ரிஜெக்ட் ரேட் சொல்லுங்க." ஒரு புது மாருதியின் பாதி விலைக்கும் கீழே முடிந்தது.

அந்த வட்டங்களில் சிலது இன்னும் அழியாமல் இருக்கிறது. எதற்கு இந்த வண்டி, ஒரு வீடு கட்டியிருக்கலாமே என்று நானும் எல்லாரையும்போலக் கேட்டுவைத்தேன்.

"இருவத்தாறு வருஷமா வெளிநாட்டுக்காரன் காலுக்கு நான் தோல் செலக்ட் பண்றேன். அவன் செஞ்ச பொருள ஒரே ஒரு தடவ நான் செலக்ட் பண்ணா தப்பா?"

பராமரிப்பதற்கு ஆள் தணிகைவேல். மோட்டார் மெக்கானிக் இல்லை. தொழிற்சாலையில் தோல் ஊறவைத்துச் சுழற்றுகிற மர டிரம்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். ஜெர்மன் புத்தகத்தைப் படம் பார்த்தே படிப்பார். கூரைத் துணியில் ஓட்டை விழுந்தபோது, ஷூவுக்குள் வைக்கிற ஆட்டுத்தோலை அதில் வைத்துத் தைத்தார்கள். ஒரிஜினல் கூரை ஒழுகும், ஒட்டு ஒழுகாது. தண்ணீர் பம்ப் மூன்று முறை மாறியது. இடது ஜன்னல் இறங்குவதற்கு ஒரு தட்டு, ஏறுவதற்கு இரண்டு தட்டு. வசந்த் முதுகுவலிக்காரர். "குழில எறங்குற மாதிரி இருக்கு" என்று சொல்லி டிவிஎஸ்ஸிலேயே பின்னால் வருவார். இப்படியே ஒன்பது வருடத்தில் கிலோமீட்டர் கணக்கு இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் ஆகிவிட்டது.

இதெல்லாம் இருக்கட்டும், எஞ்சின் யாருடையது? இது வெறும் டீக்கடைக் கேள்வியாக நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. மறுபதிவு செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு மொட்டைக் கடுதாசி போனது. 'மேற்படி வாகனத்தில் குட்டியானை எஞ்சின் உள்ளது.' எஞ்சின் மாறியிருந்தால் மறுபதிவு கிடையாது. பதிவு இல்லாத வண்டி தெருவில் ஓட முடியாது, பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். மருமகன் சொன்னது பலித்துவிடும்.

முதலில் தணிகைவேலிடம் போனேன். போன வருடம் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்தது, டிரம் தூக்குகிற செயினில் மாட்டி எஞ்சினை இறக்கினேன், ராணிப்பேட்டை லேத் பட்டறைக்கு அனுப்பினேன், பத்து நாளில் வந்தது, ஏற்றினேன் என்றார்.

"வந்தது அதே எஞ்சின்தானா?"

"இன்னா சார் கேக்குற? பெத்த புள்ளய ஸ்கூல்லேந்து கூட்டினு வர்றப்ப மாத்தியா கூட்டினு வருவாங்க?"

ஏற்றிக்கொண்டு போய்வந்தது கன்னியப்பன். அவரிடம் போனேன். அவரிடம் இருப்பது என்ன வண்டி? குட்டியானை.

"நான்தான் சார் எத்தினு வந்தேன். வர்ற வழியில பாய் கடைல டீ குடிச்சேன். இன்னாடா லோடுன்னு பாய் கேட்டாரு. ஹெலன் அக்கா வண்டிக்குக் குட்டியானைல எஞ்சின் வந்துச்சின்னேன். அவ்ளோதான்."

மக்பூல் அகமதுவிடம் போனேன். நல்ல மனிதர், அறுபது வயது, பொய் சொல்லத் தெரியாதவர். அன்று கன்னியப்பன் பேசும்போது பால் பொங்கிக்கொண்டிருந்தது என்றார். பாலையும் பார்த்து, பேச்சையும் கேட்டு, அடுத்து வந்தவருக்கு டீயோடு சேர்த்து அவர் ஆற்றிக் கொடுத்த வாக்கியம் இது: "ஹெலன் வண்டிக்குக் குட்டியானை எஞ்சின் வந்துச்சாம்."

ஒரு 'ல' விழுந்துவிட்டது. பால் பொங்கியதில் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் சொல்லின் வாலை நறுக்கித்தான் பேசுவோம். வழக்கமாக யாருக்கும் நஷ்டம் வருவதில்லை.

"அதுக்கின்னா சார், நான் சொன்னதுல ஒரு எழுத்துதானே கம்மி," என்றார் மக்பூல்.

ஹெலனிடம் இதைச் சொன்னேன். மறுநாள் காலை அவர் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"பாய், எனக்கு ஒரு 'ல' தரணும் நீங்க."

"டீ சாப்புடும்மா மொதல்ல."

"டீ வேணாம். எத்தினி பேருக்குச் சொன்னீங்களோ அத்தினி பேருக்கும் 'ல' போட்டுச் சொல்லுங்க."

"சொல்றேம்மா. நாளைக்கிச் சொல்றேன். இப்ப ஜாஸ்தி கூட்டம்."

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

வண்டியைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. ஹெலன் தொழிற்சாலைக் கோட்டோடு சிவப்பு வண்டியில் போனார். தணிகைவேலும் நானும் கன்னியப்பனின் குட்டியானையில் பின்னால் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் ஓர் இளம்பெண், பெயர் மேகலா. கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எதுக்கு வந்திருக்கு?"

"என் எஞ்சின் என்கிட்டயேதான் இருக்குதுன்னு காட்றதுக்கு மேடம்," என்றார் கன்னியப்பன்.

தணிகைவேல் சாய்வுப் பலகை போட்டு வண்டியின் பின்பக்கத்தை ஏற்றினார். இன்ஸ்பெக்டர் காக்கியோடு தரையில் படுத்து டார்ச் அடித்தார். எண் அடித்திருந்த இடம் சைலன்சர் குழாய்க்கு மேலே, ஒரு மூலையில். கை போகிறது, கண் போகவில்லை. செல்போனில் எடுத்தால் கலங்கலாக வந்தது. காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பது வழக்கம். காகிதம் எண்ணெயில் ஊறிக் கிழிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று காகிதம்.

ஹெலன் உள்ளே நகர்ந்து கட்டைவிரலை மட்டும் அனுப்பி, தடவித் தடவி எண்ணை வெளியே சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

"மனப்பாடமாக்கூடச் சொல்லலாமில்ல?" என்றார் மேகலா. கேலியாக இல்லை, நியாயமாகத்தான். "ஒங்க வெரல நான் ஃபைல்ல வெக்க முடியாதும்மா."

"இந்த வெரல நம்பி இருவத்தாறு வருஷமாக் கப்பல் போவுது மேடம்."

"கப்பலுக்கு ஆர்.சி. நான் தர்றதில்லயே."

ஹெலன் எழுந்து வந்தார். டேஷ்போர்டில் சாம்பிளுக்காக வைத்திருக்கும் தோல் துண்டுகளில் ஒன்றை எடுத்தார். மரப்பட்டை போட்டுப் பதப்படுத்திய, சாயம் ஏறாத தோல். குடிக்கிற தண்ணீரை ஊற்றி நனைத்து, பிழிந்து, மறுபடி வண்டிக்கு அடியில் போனார். ஈரத் தோல் எதை அழுத்தினாலும் வாங்கிக்கொள்ளும், காயும்போது விடாது. பத்து நிமிடம் அவர் செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. நாங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்து தோலை நீட்டினார். எண்கள் புடைத்துக்கொண்டு தெளிவாக எழுந்திருந்தன. ஆனால் ஒன்றும் படிக்க முடியவில்லை. இடமும் வலமும் மாறி எல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன.

"இது இன்னா பாஷை?" என்றார் கன்னியப்பன்.

ஹெலன் நெற்றியில் கை வைத்தார். முதல்முறையாக அவர் முகத்தில் கலக்கத்தைப் பார்த்தேன். தொழிற்சாலையில் தினம் ஆயிரம் தோலில் கம்பெனி பெயரை அழுத்துகிறார்கள். நேராகத்தான் விழும். ஏனென்றால் அந்த அச்சுக்கட்டையைச் செய்கிறவனே திருப்பி வெட்டியிருப்பான். ஜெர்மன்காரன் எஞ்சினில் எண்ணை ஆம்பூருக்காகத் திருப்பி வெட்டவில்லை. இதைப் போன்ற தப்பை இந்தத் தொழிலில் ஊறியவர்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

மேகலா தோலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்குப் போய்க் குனிந்து, அதன் முன்னால் தோலைப் பிடித்தார். கண்ணாடியில் எண் நேராகத் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தாக அவர் படிக்க, தணிகைவேல் ஆர்.சி.யைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "ஆமா" போட்டார். கடைசி இலக்கம் ஏழு. ஆர்.சி.யிலும் ஏழு.

"அதே எஞ்சின்தான்," என்றார் மேகலா. தோலைத் தேதி போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார். "இந்த வட்டம் எல்லாம் இன்னாம்மா, வண்டில அங்கங்க?"

"வடு மேடம். மறைக்கல, காட்டித்தான் ஓட்றேன்."

பிரேக், விளக்கு, ஹாரன், புகை எல்லாம் பார்த்தார். ஒரே ஒரு குறை. பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் சின்ன பல்பு எரியவில்லை. அதைப் போட்டுக் காட்டினால் கையெழுத்து, இல்லாவிட்டால் அடுத்த வாரம். ஹெலன் கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பன் ஸ்க்ரூடிரைவரோடு தன் வண்டிக்குப் பின்னால் போனார். அதிலிருந்து கழற்றிவந்த பல்பு சிவப்பு வண்டியில் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு உட்கார்ந்தது, எரிந்தது. ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து விழுந்தது.

ஆகவே, விசாரித்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். ஹெலன் வண்டியில் குட்டியானை எஞ்சின் இல்லை. குட்டியானை பல்பு இருக்கிறது. இதை டீக்கடையில் சொல்லும்போது பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளவும்.

திரும்பி வரும்போது ஹெலன் பைபாஸில் எங்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விட்டார். முதலாளி வீட்டுக் கேட்டுக்கு முன்னால் மட்டும் வேகத்தைக் குறைத்து, கூரையை மடித்து, மெதுவாகப் போனதாகக் கேள்வி. அதை நான் விசாரிக்கவில்லை.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. கன்னியப்பன் பல்பைக் கேட்டார்.

"பாய் எனக்கு 'ல' குடுக்கட்டும், நான் ஒனக்கு பல்பு குடுக்கறேன்," என்றார் ஹெலன்.

"எனக்கும் பாய்க்கும் இன்னாக்கா சம்மந்தம்?"

"நீ அன்னிக்கி 'ல'வக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிருக்கணும்டா."

தினமும் காலை ஏழே முக்காலுக்குச் சிவப்பு வண்டி மக்பூல் கடை முன்னால் நிற்கிறது. ஜன்னலுக்கு ஒரு தட்டு, இறங்குகிறது. கடையில் இருப்பவர்கள் திரும்புகிறார்கள். மக்பூல் கரண்டியை வைத்துவிட்டு, "குட்டியானை..." என்று ஆரம்பித்து, பாலைப் பார்க்கிறார்.

'ல' வரவில்லை. ஹெலன் இரண்டு தட்டுத் தட்டி ஜன்னலை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.