வில்லரேயில் ஒரு குதிகால் பிடி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பஸ் ஏறினோம். மான்ட்ரியல் தீவின் மேற்கு முனை அது; நான் விவசாயம் படிக்கும் இடம். அங்கிருந்து, போட்டி நடக்கும் வில்லரே பகுதி ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வழியில் கண்ட பிரெஞ்சுப் பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன்.

"அக்கா, எல்லாரும் பாக்கினம்," என்றாள் துஷா. என் அறைத்தோழி, யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவள். அன்று அவளுக்கு முதல் மல்யுத்தப் போட்டி.

"பாக்கட்டும். படிக்கத் தெரிஞ்சவ படிக்கிறேன்."

மெட்ரோ மாறி, பத்து மணிக்கு ஒரு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்துக்குள் நுழைந்தோம். எங்கள் ஊர்க் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இந்தப் பழைய மேற்கத்திய மல்யுத்தத்தில், அன்றைய போட்டி விதிப்படி, அது போதாது. கையையோ காலையோ மடக்கிப் பிடிக்க, எதிராளியே தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். கழுத்தைத் திருகத் தடை இருந்தது. குதிகாலைத் திருகத் தடையில்லை.

"அதுதான் பொல்லாதது, அக்கா. நோவு தெரிய முந்தியே முழங்கால் ஜவ்வு அறுந்திடும்," என்று துஷா பஸ்ஸில் சொல்லியிருந்தாள்.

எதிராளி எலோடி என்ற உயரமான பெண். துஷாவைக் கீழே தள்ளி மேலே கிடந்து அழுத்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "விடாதே துஷா, விடாதே," என்று கத்தினேன். மனம் தளராதே என்ற அர்த்தத்தில்தான் கத்தினேன். அந்த நேரம் எலோடியின் குதிகால் துஷாவின் கைக்குள் சிக்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. துஷா இன்னும் இறுக்கித் திருகினாள்.

எலோடி தட்டினாள். துஷாவின் உடம்பில் தட்டியிருக்க வேண்டும். பதற்றத்தில் மெத்தையில் தட்டினாள். இரைச்சலில் அது துஷாவுக்குக் கேட்கவில்லை. நடுவர் மறுபக்கத்திலிருந்து சுற்றி ஓடி வந்தார். அவர் வந்து சேரும் முன்பே என் குரல் துஷாவை எட்டிவிட்டது.

"விடு!"

பிடி உடனே திறந்தது.

முதலுதவிக்காரர் எலோடியின் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். அவள் எழுந்தாள், நடந்தாள், குந்தி எழுந்தும் காட்டினாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஏன் விடாதை எண்டு கத்தினீங்கள்?" துஷா என் பக்கம் திரும்பினாள்.

"தோத்துடாதேன்னு சொன்னேன்டி."

"நான் காலை விடாதை எண்டெல்லோ விளங்கினன். அக்கா படிச்ச ஆள், தெரிஞ்சுதான் சொல்லுறா எண்டு."

எலோடி எங்களிடம் வந்து, கடைசியாக நான் கத்திய சொல் என்னவென்று கேட்டாள். சொன்னேன். "விதூ," என்று சொல்லிப் பார்த்தாள். அடுத்த முறை தானே அதைச் சொல்லிக்கொள்வதாகப் பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள்.

மாலை பஸ்ஸில் நான் ஒரு பலகையையும் வாய்விட்டுப் படிக்கவில்லை. துஷா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் விரல்கள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தன. சற்று வலிக்கத்தான் செய்தது. நான் விடு என்று சொல்லவில்லை.