இத்தாலிய உணவகத்தில் கேஸ் நாற்றம்

திருமண நாளுக்காக, நகரத்தில் புதிதாகத் திறந்த பெரிய இத்தாலிய உணவகத்துக்கு நானும் கணவரும் மகளும் ரசாயன ஆலைகள் சூழ்ந்த எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். தட்டு மேசைக்கு வந்ததுமே எனக்குக் குப்பென்று கேஸ் நாற்றம் அடித்தது. ஊரில் ஆலைக் கேஸ் கசிந்தபோது பழகிய கை தானாக வேலை செய்தது. மேசைத் துண்டைத் தண்ணீரில் நனைத்து மகளின் மூக்கைப் பொத்தி, "கேஸ் லீக், எல்லாரும் வெளிய போங்க" என்று கத்திவிட்டேன். நான்கு மேசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

பரிமாறியவர் ஓடிவந்து, அது பாஸ்தாவின் மேல் ஊற்றிய ஒருவகைக் காளான் எண்ணெயின் வாசனை என்றார். விலை உயர்ந்ததாம்.

திரும்பும் பஸ்ஸில் கணவர், "வூட்டாண்ட நெசமாவே நாத்தம் அட்ச்சா ஜன்னல சாத்திக்கினு சோறு துன்றோம். அங்க போயி ஊரையே ஓடச் சொல்றியே" என்றார்.

இப்போதெல்லாம் வீட்டில் அந்த நாற்றம் வந்தால், ஜன்னலைச் சாத்தியதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகார் எண்ணுக்குப் போன் செய்கிறேன். எந்த ஏரியா என்று கேட்பார்கள். எண்ணூர் என்றதும், "அங்க எப்பவும் வர்றதுதானேம்மா" என்பார்கள். வைத்துவிட்டு மறுபடியும் அழைக்கிறேன். அந்த உணவகத்தில் ஒரு தடவை கத்தியதற்கே நான்கு மேசை எழுந்தது.