ராக்குவின் இடது கொம்பு

பாளையங்கோட்டையில் ஒரு அட்டைப்பெட்டி பிரஸ்ஸில் டிசைன் போடுவது என் வேலை. அல்வாப் பெட்டி, அப்பளப் பெட்டி, சேலைப் பெட்டி என்று இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. தட்டை அட்டையைப் பார்த்ததுமே அது எங்கே மடியும், எங்கே ஒட்டும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதை அடக்கியது ஒரு எருமை.

எங்கள் ஒட்டுப் பிரிவில் செல்லம்மா அக்கா இருந்தார். முதல் நாள் நான் வரைந்த பெட்டி மூடாமல் வாயைப் பிளந்து நின்றபோது, யாருக்கும் தெரியாமல் ஓரத்தைக் கத்தரித்துச் சரிசெய்து என் மானத்தைக் காப்பாற்றியவர். போன வருடம் முட்டுவலி தாங்காமல் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னார். அதே முட்டுவலியால்தான் அதற்கு நாலு மாதம் முன்பு தன் எருமை ராக்குவை ஏரல் பக்கம் ஒரு வீட்டுக்கு விற்றிருந்தார். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் ராக்கு பேச்சுதான். "இந்நேரம் தண்ணி காட்டுதாவளோ என்னவோ" என்பார். பாதிச் சோறு அப்படியே இருக்கும். நான் போனைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டுவேன்.

சனிக்கிழமை வழியனுப்பு. எல்லோருமாகச் சேலை எடுத்தோம். எனக்கு அது போதவில்லை. காகிதத்தில் ராக்குவையே செய்து கொடுக்க நினைத்தேன். எங்கேயும் பார்த்து வரையாமல், முழுக்க என் சொந்த டிசைன்.

பெட்டிக்காரன் புத்தி பெட்டியோடுதானே போகும்! நாங்கள் பாதியை வரைந்து, மறுபாதியைக் கம்ப்யூட்டரில் 'மிர்ரர்' செய்துவிடுவோம். எருமையையும் அப்படியே செய்தேன். வீணாய்ப்போன அப்பளப் பெட்டி அட்டையில் வெட்டி, மாதிரிக்கு ஒரு டம்மி ஒட்டி மேஜையில் வைத்தேன். ஜம்மென்று நின்றது.

வியாழக்கிழமை கத்தரி வாங்க வந்த அக்கா அதைக் கையில் எடுத்துவிட்டார். ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார்.

"ஒட்டு சுத்தமா இருக்கு தம்பி. எருமையும் அம்சமா நிக்குது. யாரு வீட்டு எருமை?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "சும்மா, ஒரு ஆர்டருக்குக்கா" என்று புளுகினேன்.

அவர் போனதும் கோபத்தை, அட்டை வெட்டும் டை கட்டிங் மெஷின் ஓட்டும் சுடலைமுத்துவிடம் காட்டினேன். "எருமைன்னா எருமைதானேலே! வேற எப்படி இருக்கும்?"

அவன் மெஷினை நிறுத்தினான். "அண்ணாச்சி, நாலு மாசமா அக்கா சொல்லுதாவ. எடது கொம்பு கீழ தொங்கும், வலது காது நுனி கிழிஞ்சிருக்கும். வித்த அன்னிக்குத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சாம். ஒண்ணாவது கேட்டியளா? பாதிய வரைஞ்சு திருப்பிப் போட்டா ராக்கு வராது, பொட்டிதான் வரும்."

வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே எதுவும் என் காதில் விழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கறுப்பு அட்டை எடுத்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்தேன். காது நுனியில் ஒரு வெட்டு. இடது கொம்பைத் தொங்கவிட்டதும் பாரம் தாங்காமல் எருமை இடப்பக்கம் சாய்ந்தது. காலை அகட்டினேன், வயிற்றை அகலமாக்கினேன், எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் கழுத்து மடிப்பை மாற்றி, தலையை வலப்பக்கம் பின்னால் திருப்பி வைத்தேன். அசையாமல் நின்றது. திரும்பிப் பார்க்கும் ராக்கு!

சனிக்கிழமை அக்கா கையில் கொடுத்தேன். வழக்கம்போல விரல் ஒட்டைத் தடவப் போனது. கொம்புக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"ஏட்டி... வந்துட்டியா?"

பிறகு பெட்டிக்கட்டு கட்டும் சணலில் ஒரு முழம் அறுத்து, எருமையின் கழுத்தில் பைய முடிச்சுப் போட்டார். மறுமுனையைத் தன் சாப்பாட்டுப் பையின் பிடியில் கட்டினார்.

"இந்த மட்டம் யாருக்கும் புடிச்சுக் குடுக்க மாட்டேன், ஆமா."

சுடலைமுத்து மெஷினைத் துடைக்கப் போய்விட்டான். நான் அங்கேயே நின்று அழுதேன்.

புதிதாக டிசைன் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டிக்கு மிர்ரர் போடுங்கள், தப்பில்லை. ஒருவருக்கென்று ஒன்று செய்வதாக இருந்தால், முதலில் அவர் பேசுவதைக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டின்போது நான் இப்போது போனை எடுப்பதில்லை. பக்கத்தில் யாராவது எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.