சிதம்பரம் சர்க்கஸில் நான் ஊதிய விசில்

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு எது கொடுத்தாலும் கூடவே ஒரு போட்டோ எடுத்தார்கள். பாய் கொடுத்தால் பாயோடு, பிரெட் கொடுத்தால் பிரெட்டோடு. யாராவது சும்மா ஒன்று தருகிறேன் என்றால் கேமரா எங்கே என்று தேடும் பழக்கம் எட்டு வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. அதனால் ஒரு மே மாதத்தில் மாமா எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்து, "நாளைக்கு சிதம்பரத்துல சர்க்கஸ் பாக்கப் போறோம்" என்றபோது, நான் முதலில் அவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. மாமா அம்மாவின் அண்ணன். எனக்கு ஒரு பலூன்கூட வாங்கித் தந்தவர் இல்லை. அதே சர்க்கஸ் அடுத்த மாதம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கே வரப்போவதாகச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு நடந்தே போய்விடலாம். அதை விட்டுவிட்டு பஸ் ஏறி சிதம்பரத்துக்கு எதற்கு?

"இங்க வந்தா கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்" என்றார் மாமா.

"அங்க மட்டும் கூட்டம் இருக்காதா?"

"வாயப் பாரு. ஒன்ன மாதிரி கேள்வி கேக்கறவள எல்லாம் கூண்டுல போட்டு கரடியோட ஆட வுடுவாங்க."

அம்மா சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, நிவாரணத்தில் வந்த புடவைகளில் இதுவரை பிரிக்காமல் வைத்திருந்த கத்திரிப்பூ நிறப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பாவை அலை கொண்டுபோய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் அவள் கட்டியது இரண்டே புடவைகள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் மாமா மூன்று முழம் மல்லிகை வாங்கினார். அம்மா ஓரடி பின்னால் போய், "வேணாம்ண்ணா" என்றாள். மாமா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மூன்று முழத்தையும் என் தலையிலேயே வைத்தார். பாரம் தாங்காமல் என் பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சர்க்கஸ் பார்க்க எதற்குப் பூ என்று கேட்க வாயெடுத்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

பூவுக்குக் கீழே, கழுத்தில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் விசில் தொங்கியது. கொட்டகைக்குச் சென்னையிலிருந்து சில அக்காமார்கள் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். அலைக்குப் பிறகு பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊர் ஊராகத் திரிகிறார்கள் என்று பேச்சு. தெரியாத ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தின்னக் கொடுத்தால், தொட்டுத் தூக்கினால் ஊத வேண்டும். அக்கா ஒருத்தி பிள்ளை பிடிக்கிறவள் மாதிரி நடித்துக்கொண்டு வருவாள், நாங்கள் ஊதுவோம். அந்தப் பயிற்சியில் எங்கள் வரிசையிலேயே நான்தான் முதல். ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கினேன். படிப்பில் நான் வாங்கிய பரிசு எதுவும் இல்லை, அதனால் அதைச் சொல்கிறேன்.

மதிய ஆட்டம். கூடாரத்துக்குள் மரத்தூளும் யானைச் சாணமும் கலந்த வாடை. பலகை வரிசைகளில் பாதி காலியாக இருந்தும், மாமா எங்களை நடுவில் ஓர் இடத்துக்கு நேராகக் கூட்டிப்போனார். அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை, படியச் சீவிய தலை, மடியில் பெரிய பாப்கார்ன் பாக்கெட். என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, எனக்கு அந்தப் பக்கம் அம்மாவை உட்காரவைத்து, "டீ சாப்ட்டு வரேன்" என்று மாமா போய்விட்டார். ஆட்டம் ஆரம்பித்தும் வரவில்லை.

அந்த ஆள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

"இன்னாம்மா, யானைய புடிக்குமா, கிளிய புடிக்குமா?"

"ரெண்டும் புடிக்காது."

"அப்ப எதுக்கு வந்த?"

"கூட்டியாந்தாங்க."

அவர் சிரித்துக்கொண்டே என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். அம்மா வளையத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையத்தில் அப்போது சாணம் அள்ளுகிற ஆள் மட்டும்தான் இருந்தான். அவர் பாப்கார்னை நீட்டினார். இரண்டு. நான் வாங்கவில்லை. அம்மா, "வாங்கிக்கயேன்" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. அம்மாவையே மயக்கிவிட்டான் என்று முடிவு செய்தேன். மயக்கப் பொடி பற்றியும் கொட்டகையில் நிறையக் கேள்விப்பட்டிருந்தோம்.

உயரத்தில் கட்டிய கம்பி மேல் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று மறைத்தார். நான் எக்கிப் பார்ப்பதைக் கண்டு அந்த ஆள், "தெரியலயா? வா" என்று இரண்டு கைகளாலும் என்னைத் தூக்கினார். மூன்று.

ஊதினேன். பரிசு வாங்கிய ஊதல். பேண்டு வாத்தியம் நின்றது. கம்பியில் இருந்த பெண் நடுவழியில் நின்று, குடையை ஆட்டி ஆட்டி, ஒற்றைக்காலில் தன்னைச் சமாளித்துக்கொண்டாள். "பிள்ள புடிக்கிறவன்!" என்று நான் கத்தினேன். அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து இறங்கியவர்கள் அந்த ஆளைப் பலகைகளுக்கு இடையில் போட்டு அடித்தார்கள். பாப்கார்ன் எல்லார் தலையிலும் பறந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. தன்னை யாரென்றும் சொல்லவில்லை. ஒரு பெரியவர்தான் அடியை நிறுத்தி அம்மாவைக் கேட்டார்.

"யம்மா, பயப்படாம சொல்லு. இந்த ஆள ஒனக்குத் தெரியுமா?"

அம்மா வாயைத் திறந்தாள். கீழே கிடந்த ஆள் அவளைப் பார்த்து, தலையை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தார். கூட்டத்தில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மிரட்டுகிறான் என்று நினைத்தேன்.

"தெரியாதுங்க" என்றாள் அம்மா.

அடி வாங்கிய அந்த ஆளுக்குப் பரங்கிப்பேட்டையில் ஐஸ் கம்பெனியில் வேலை. அலையில் மனைவியையும் மகளையும் இழந்தவர். அம்மாவைக் கட்டிக்கொள்ள ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டார். பிள்ளையை மட்டும் ஒருமுறை பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். எங்கள் தகர வரிசையில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். புருஷனைப் பறிகொடுத்தவளை ஒருவன் வந்து பார்த்துவிட்டு, கல்யாணம் கூடாமல் போனால் அப்புறம் அவள் அங்கே தலைநிமிர முடியாது. அதற்காகத்தான் சிதம்பரம், அதற்காகத்தான் சர்க்கஸ். இதெல்லாம் நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, திருப்பூர் பனியன் கம்பெனி, கொச்சியில் இறால் உரிக்கிற ஷெட் என்று சுற்றிவிட்டு ஒருமுறை ஊருக்கு வந்தபோது மாமா சொல்லித் தெரிந்துகொண்டது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, நான் கெட்டிக்காரி என்பது மட்டும்தான். ஒரு பெண் என் கன்னத்தைக் கிள்ளினாள். ஜோக்கர் வந்து எனக்கு சல்யூட் அடித்தான். அந்த ஆளை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்களும் போய்விடுவோம் என்று எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். யானை பந்து உதைத்தது, கிளி சைக்கிள் ஓட்டியது, நாலு பேர் இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் விட்டார்கள். எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்தோம். மற்றவர்கள் கை தட்டியபோதெல்லாம் அம்மாவும் தட்டினாள்.

மாமா பஸ் ஸ்டாண்டில்தான் வந்து சேர்ந்தார். சட்டையில் மண்.

"ஆஸ்பத்திரி வேணாம்னுட்டாரு. பஸ் ஏத்திவுட்டேன்."

"இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"பிள்ள சூட்டிகையா இருக்குன்னாரு." சட்டை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, "இனிமே வரமாட்டாரு, வுடு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் ரோடு தாண்டியபிறகு அம்மா என் காதோரம் குனிந்து கேட்டாள்.

"அவரு தூக்குனப்ப ஒனக்கு வலிச்சுதா?"

"இல்ல."

"கோவமா தூக்குனாரா?"

"இல்ல. நல்லாத்தான் தூக்குனாரு."

இவ்வளவு விசாரிக்கிறாளே, போலீசில் எழுதிக் கொடுக்கத்தான் என்று நினைத்தேன். நாளைக்கு அவர்கள் என்னைக் கூப்பிட்டு ஆள் அடையாளம் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும். அதனால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஆலப்பாக்கம் வரும்வரை அந்த முகத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.